காய்ச்சல் தணிந்த பின் வரும் வலிப்பு

காய்ச்சலின் உச்சத்தில் குழந்தைக்கு வரும் இழுப்பு பெரும்பாலும் ஆபத்தற்றது. ஆறு மாதம் முதல் ஐந்து வயது வரையான குழந்தைகளில் நூற்றுக்கு 2 முதல் 5 பேருக்கு வருகிறது. சில நிமிடங்களில் அடங்கிவிடுகிறது. நான் எழுதப் புகுந்தது வேறொன்றைப் பற்றி.

அதுவரை ஓடியாடித் திரிந்த பள்ளிக்கூடப் பிள்ளை. சாதாரணக் காய்ச்சல் வருகிறது. அது தணிந்தும்கூட இருக்கலாம். ஒரு நாளிலிருந்து இரண்டு வாரத்திற்குள் வலிப்பு தொடங்குகிறது; மீண்டும் மீண்டும் வருகிறது; எந்த வலிப்பு மருந்துக்கும் கட்டுப்படுவதில்லை. மயக்க மருந்து கொடுத்து, செயற்கைச் சுவாசத்தில் வாரக்கணக்கில் வைத்திருக்க நேரிடுகிறது. பத்தில் ஒரு பிள்ளை இறந்துபோகிறது. பிழைப்பவர்களில் பெரும்பாலோருக்குத் தீராத வலிப்பும் கற்றல் குறைபாடும் எஞ்சுகின்றன. ஆங்கில முதலெழுத்துக்களைக் கோத்து இதனை ‘ஃபயர்ஸ்’ என்கிறார்கள். பெயர் பொருத்தமாகத்தான் அமைந்துவிட்டது. மூளைக்குள் அணையாமல் எரியும் அழற்சியே இதன் வேர் என்பது இன்றைய வைத்தியர்களின் கருத்து.

அந்த அழற்சியை அணைக்கும் முயற்சியில்தான் மூட்டுவாத மருந்தொன்று இங்கே வந்து சேர்ந்தது. அனகின்ரா என்பது அதன் பெயர். அழற்சியைத் தூண்டும் ‘இன்டர்லூக்கின்-1’ என்னும் பொருள் தன் வேலையைச் செய்யவிடாமல் தடுக்கும் ஊசி மருந்து. 2001இல் அமெரிக்காவில் மூட்டுவாதத்திற்கு அனுமதி பெற்றது. மூன்று வயதும் நிரம்பாத ஒரு சிறுமிக்கு இந்நோயில் அது பயன் தந்ததை 2016இல் மயோ மருத்துவமனை வைத்தியர்கள் எழுதினர். 2020இல் பல நாடுகளைச் சேர்ந்த 25 பிள்ளைகளின் விபரங்களைத் திரட்டிப் பார்த்தபோது, மருந்தை முந்தித் தொடங்கியவர்கள் தீவிர சிகிச்சைப் பிரிவில் குறைந்த நாட்களே இருந்தமை தெரிந்தது. இது பெரிய ஆய்வன்று. முழு நிரூபணமும் அன்று. ஆயினும் 2022இல் பன்னாட்டு நிபுணர்கள் கூடி ஒரு கால அட்டவணையே வகுத்துவிட்டார்கள். ஸ்டீரொய்ட் போன்ற முதற்கட்ட சிகிச்சை 72 மணித்தியாலங்களுக்குள்; அனகின்ரா அல்லது டொசிலிசுமாப், கூடவே கொழுப்பு மிகுந்த கீட்டோ உணவு, ஏழு நாட்களுக்குள்.

இனி இந்தக் கடிகாரத்தைப் பொல்பிட்டியவில் வைத்துப் பாருங்கள். இங்குள்ள மின்நிலையம் 1969 முதல் நாட்டுக்கு வெளிச்சம் தருகிறது. ஆனால் சிறுவர் வைத்தியசாலை வேண்டுமென்றால் கினிகத்தேனை, நாவலப்பிட்டி, கம்பளை கடந்து பேராதனை செல்ல வேண்டும். அல்லது கித்துல்கல, அவிசாவளை வழியே கொழும்பு. இந்திய உதவியால் டிக்கோயாவில் எழுந்த வைத்தியசாலை 2017இல் திறக்கப்பட்டது. 1990 என்ற இலக்கத்தை அழைத்தால் இலவச அம்பியூலன்ஸ் வருகிறது. இவை சிறிய பேறுகள் அல்ல. எனினும் தோட்டத்து மருந்தகத்தில் ஒரு நாள், ஆதார வைத்தியசாலையில் இரண்டு நாள் என்று கழிந்தால் அந்த 72 மணித்தியாலமும் தீர்ந்தது.

பத்து இலட்சம் பிள்ளைகளில் ஒருவருக்கு வரும் நோய்க்கு விலையுயர்ந்த மருந்தா என்று கணக்குப் பார்ப்பவர்கள் கேட்கலாம். அரிதானது என்பதால்தான் சிறிதளவு போதும் என்கிறேன். பேராதனையிலும் பொரளையிலும் உள்ள இரு சிறுவர் வைத்தியசாலைகளில் எப்போதும் கையிருப்பு இருக்கட்டும். அது வீணாகவும் போகாது. சிறுவர் மூட்டுவாதத்திற்கும் இதே மருந்துகள்தாம் உதவுகின்றன.

மற்றது செலவே இல்லாத காரியம். பிள்ளையை மேலிடத்துக்கு அனுப்பும்போது கொடுக்கும் துண்டில், காய்ச்சல் தொடங்கிய நாள், தணிந்த நாள், முதல் வலிப்பு வந்த மணி மூன்றையும் குறித்தனுப்பத் தோட்டத்து மருந்தகங்களுக்கு ஒரு சுற்றுநிருபம் போதும். தமிழிலும் அனுப்பினால் நல்லது.