சாமி துரையின் அம்மா

ஆபீஸில் நாலு மணி டீயின்போது ஒரு பந்தயம். இலங்கையில் தேயிலைத் தோட்டத்தைத் தொடங்கி வைத்தது லிப்டன் என்றார் நண்பர். லிப்டன் அங்கே போனதே 1890-ல்தான், அதற்கு 23 வருஷம் முன்பே 1867-ல் கண்டிக்குப் பக்கத்தில் லூல்கந்துராவில் 19 ஏக்கரில் தேயிலை நட்டவர் ஜேம்ஸ் டெய்லர் என்றேன். இரண்டு மசால் வடை ஜெயித்தேன். நண்பர் விடுவதாக இல்லை. ''யார் சார் அந்த டெய்லர்? எந்த ஊர், என்ன குடும்பம்?'' என்று மாப்பிள்ளை விசாரிக்க வந்தவர் மாதிரி குடைந்தார்.

ராத்திரி கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தேன். நான் பயந்த அளவுக்குக் கஷ்டமே இல்லை.

ஸ்காட்லாந்துக்காரர்களைத் தேடுவது ஒரு சுகம். 1855 ஜனவரி 1 முதல் பிறப்பு, இறப்பு, கல்யாணம் எல்லாவற்றையும் சர்க்கார் பதிவு செய்திருக்கிறது. அதற்கு முன்னால் என்றால் சர்ச்சுகளின் ஞானஸ்நானப் பதிவேடு. 1841-லிருந்து வீடு வீடாக எடுத்த ஜனத்தொகைக் கணக்கு வேறு. எல்லாம் கம்ப்யூட்டரில் கிடைக்கிறது. தேடுவதற்குக் காசில்லை, அசல் பக்கத்தின் படத்தைப் பார்க்கத்தான் பைசா கேட்கிறார்கள். (ஸ்காட்லாந்துக்காரர்கள்!)

இதில் எனக்குப் பிடித்த சமாச்சாரம் ஒன்று உண்டு. அந்த இறப்புப் பதிவில் செத்தவரின் அப்பா பெயரோடு அம்மா பெயரையும் எழுதுகிறார்கள். அதுவும் அம்மாவின் பிறந்த வீட்டுப் பெயரோடு. எண்பது வயதுக் கிழவர் போனாலும் அவருடைய அம்மா அந்தக் காகிதத்தில் கன்னிப் பெண்ணாக வந்து நிற்கிறாள். கல்லறைக் கல்லிலும் பெண்டாட்டிக்குப் பிறந்த வீட்டுப் பெயரைப் பொறிக்கிற வழக்கம் அங்கே உண்டு. தவிர, மூத்த பையனுக்கு அப்பாவின் அப்பா பெயர், இரண்டாவது பையனுக்கு அம்மாவின் அப்பா பெயர் என்று வைப்பார்கள். நம் ஊர் 'பேரன்' கதைதான். அதைப் பிடித்துக்கொண்டே ஒரு தலைமுறை மேலே ஏறலாம். சில சமயம் வழுக்கும்.

சரி, டெய்லர். 1835-ல் கின்கார்டின்ஷயரில் மான்போடோ பண்ணையில் பிறந்தவர். பெயர்தான் டெய்லர், அப்பா மைக்கேல் செய்தது வண்டிச் சக்கரம். அம்மா மார்கரெட் மொய்ர். (கல்யாண மொய்க்கும் இதற்கும் சம்பந்தமில்லை.) பையனுக்கு ஒன்பது வயதில் அம்மா போய்விட்டாள். 1851-ல் பதினாறு வயதில் அவன் கப்பலேறினான். சம்பளம் வருஷத்துக்கு நூறு பவுன். இலங்கையில் ஏற்கெனவே காப்பித் தோட்டத்தில் இருந்த உறவுக்காரன் பெயர் பீட்டர் மொய்ர்.

மொய்ர்! செத்துப்போன அம்மாவின் பிறந்த வீட்டுப் பெயர். அது மட்டும் ஏட்டில் இல்லாமல் போயிருந்தால், சக்கரத் தச்சரின் பையன் ஏன் கண்டிக்குப் போனான் என்று நான் இன்னும் மோட்டுவளையைப் பார்த்துக்கொண்டிருப்பேன்.

காப்பிச் செடிகளை இலைத்துரு நோய் 1869-லிருந்து தின்றது. துரைமார்கள் தேயிலைக்கு ஓடியபோது டெய்லர் ஏற்கெனவே அங்கே இருந்தார். நாற்பது வருஷம் லூல்கந்துராதான். கல்யாணம் கிடையாது. ஊருக்கு எழுதிய கடிதங்களை எடின்பரோவில் ஸ்காட்லாந்து தேசிய நூலகத்தில் பத்திரமாக வைத்திருக்கிறார்கள். 1892 மே 2-ந் தேதி வயிற்றுக்கடுப்பில் இறந்தார்.

கனத்த சரீரம், 246 பவுண்டு. பெட்டியைக் கண்டி மஹய்யாவ கல்லறைத் தோட்டம் வரைக்கும் தோளில் தூக்கிப் போனவர்கள் 24 பேர். பன்னிரண்டு பன்னிரண்டு பேராக மாற்றி மாற்றி. பின்னாலேயே கங்காணிகளும் தோட்டத்து ஜனங்களும் நடந்தார்கள். அவருக்கு அவர்கள் வைத்திருந்த பெயர் 'சாமி துரை'.

தமிழ்ப் பெயர். அப்புறம்தான் உறைத்தது, தூக்கினவர்களும் நம் பக்கத்து ஆட்கள்தானே! அவர்கள் யார் என்று தேடினேன். துரையின் எடை கிடைக்கிறது. 24 என்கிற எண்ணிக்கை கிடைக்கிறது. பெயர்? ஒன்றுகூட அகப்படவில்லை.

எங்கள் வீட்டிலும் ஒருவர் அந்தக் காலத்தில் கண்டிச் சீமைக்குப் போனதாகக் கதை உண்டு. அப்பாவின் தாத்தாவுக்கு அண்ணன். மணி பத்தானாலும் பரவாயில்லை என்று புதுக்கோட்டைப் பக்கம் இருக்கும் அத்தைக்குப் போன் போட்டேன்.

''கண்டித் தாத்தாவா? ஆமா, தோட்டத்துக்குப் போனவுகதான். திரும்பி வரல்லே.''

''அவர் பேரு என்ன அத்தே?''

''கண்டித் தாத்தான்னுதான் சொல்லுவாக.''

''அது சரி, பேரு?''

''அதான்யா பேரு.''

''கூட யாரும் போனாங்களா?''

''பொண்டாட்டியும் போச்சு. இடுப்புல புள்ளையோட.''

''அவங்க பேரு? எந்த ஊர்ப் பொண்ணு?''

போனில் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. ஞாபகத்தில் எதையோ தேடுகிறாரென்று நானும் பேசாமல் இருந்தேன்.

''ஏய்யா, ராத்திரி சாப்பிட்டியா?'' என்றார் அத்தை.