டிராயரில் தூங்கிய கடிதங்கள்

சென்ற முறை பூண்டுக் குழம்பையும் பத்தியத்தையும் பற்றி எழுதியிருந்தேன். "லண்டனில் உங்கள் பெண்ணின் பேறுகாலத்துக்குப் போய் வந்தீர்களே, அந்த அனுபவத்தை எழுதுங்களேன்" என்று பல சகோதரிகள் கேட்டிருக்கிறார்கள். எழுதலாம். ஆனால் அதில் ஒரு பகுதி எனக்குப் பெருமை தருவதல்ல. நான் செய்த ஒரு தவறு அது. மற்றவர்களுக்கு உபயோகப்படுமே என்றுதான் மனசைத் திடப்படுத்திக்கொண்டு எழுதுகிறேன்.

பேத்தி பிறந்து எட்டு வாரம். முதல் தடுப்பூசி போடுகிற நாள். காலையில் வழியிலேயே ஒரு சூப்பர் மார்க்கெட்டில் நாப்கின் வாங்கினோம். பெண் கார் ஓட்ட, பின் ஸீட்டில் குழந்தையோடு நான். பதினொன்றரை மணிக்கு டாக்டர் வீட்டில் ஊசி. "காய்ச்சல் வரும், பாரசிட்டமால் சிரப் கொடுங்கள்" என்று நர்ஸ் சொல்லி அனுப்பினாள். வீட்டில் சிரப் இல்லை. மத்தியானம் மூன்று மணிக்கு மறுபடி அதே கடைக்குப் போய் வாங்கி வந்தோம். அவ்வளவுதான் நடந்தது.

பத்து நாள் கழித்து மாப்பிள்ளை பெயருக்கு ஒரு வெள்ளைக் கவர் வந்தது. அங்கே தபால்காரர் கதவில் இருக்கிற துவாரம் வழியாகக் கடிதத்தைப் போட்டுவிட்டுப் போய்விடுவார். குனிந்து எடுப்பது என் வேலை. விளம்பரம் என்று நினைத்து சமையலறை டிராயரில், பிளாஸ்டிக் பைகளுக்கு மேல் வைத்தேன். ஒரு மாதம் கழித்து இன்னொன்று. அப்புறம் சிவப்பு எழுத்தில் ஒன்று.

சிவப்பைப் பார்த்ததும் எனக்கே 'திக்'கென்றது. பிரித்துப் பார்த்தேன். ஏதோ கார், ஏதோ பணம் என்று புரிந்தது. ஆனால் அந்தச் சமயத்தில் என் பெண் இருந்த இருப்பைச் சொல்ல வேண்டும். ராத்திரித் தூக்கம் கிடையாது. பால் போதவில்லை என்று அழுகை. காரணமில்லாமல் கண்ணீர் வரும். பச்சை உடம்புக்காரிக்கு இந்தக் கவலை வேறு எதற்கு? மாப்பிள்ளையோ ஷிப்டு வேலை. வீட்டுக்கு வந்தால் கண்ணைத் திறக்க முடியாமல் சாப்பிடுவார். ஊருக்குக் கிளம்புவதற்கு முன் அவரிடம் நிதானமாகக் கொடுத்துக்கொள்ளலாம் என்று டிராயரிலேயே வைத்தேன். அதற்குள் இன்னும் இரண்டு கடிதம் வந்து சேர்ந்துகொண்டது. பெட்டி கட்டுகிற அவசரத்தில் அத்தனையும் மறந்தே போய்விட்டது.

சென்னை வந்து ஐந்தாறு வாரம் இருக்கும். ராத்திரி பதினோரு மணிக்குப் போன்.

"அம்மா, நீ இருந்தப்போ அவர் பேருக்கு லெட்டர் ஏதாவது வந்துதா?"

எனக்கு நாக்கு ஒட்டிக்கொண்டது. "சமையல் ரூம் டிராயர்ல பாரும்மா" என்றேன். டிராயர் திறக்கிற சத்தம், பை சரசரப்பு, அப்புறம் நீளமான மௌனம்.

கோர்ட்டிலிருந்து காகிதம் வந்திருந்தது! நார்தாம்ப்டன் என்ற ஊரிலிருக்கிற சிவில் வழக்கு மையத்திலிருந்து. நான்கு நாள் வெளியூர் போய்த் திரும்பியபோது வாசலில் கிடந்ததாம். கடையின் கார் நிறுத்துமிடத்தைக் கவனித்துக்கொள்கிற தனியார் கம்பெனி, மாப்பிள்ளை மேல் வழக்குப் போட்டிருந்தது. அங்கே இரண்டு மணி நேரம் இலவசம். எங்கள் கார் காலை 9.40-க்கு நுழைந்து மாலை 3.50-க்கு வெளியேறியதாம். ஆறு மணி பத்து நிமிஷம்! வாசலில் காமிரா இருக்கிறது. அது காலையில் நுழைந்ததைப் பிடித்தது. வெளியே போனதையும் மத்தியானம் திரும்பி வந்ததையும் கோட்டை விட்டுவிட்டு, கடைசியில் வெளியே போனதை மட்டும் பிடித்திருக்கிறது. இரண்டு வருகையை ஒரே வருகையாகக் கணக்குப் போடுகிற இந்தத் தப்பு அங்கே புதிதல்லவாம்.

முதல் கடிதத்தில் கேட்டது 100 பவுண்டு. 14 நாளுக்குள் கட்டினால் 60. கட்டாததால் 'வசூல் செலவு' என்று 70. கோர்ட் கட்டணம் 35. வக்கீலுக்கு 50. ஆகமொத்தம் 255 பவுண்டு. நம் பணத்தில் முப்பதாயிரம் ரூபாயைத் தொடும். பணம் கூடப் பெரிதில்லை. அவர்கள் அந்த வருஷம் வீடு வாங்கக் கடனுக்கு விண்ணப்பிக்க இருந்தார்கள். கோர்ட் தீர்ப்பு ஒன்று பெயரில் விழுந்தால் பாங்க்காரன் முகம் கொடுத்துப் பேசமாட்டான்.

"கட்டித் தொலைச்சிடலாம்" என்றார் மாப்பிள்ளை. அவருடைய ஆபீஸ் சிநேகிதர், "பிரைவேட் கம்பெனிதானே, கிழிச்சுக் குப்பையில போடு" என்றாராம். இரண்டும் தப்பு என்று சொன்னவர் எதிர் வீட்டு யாழ்ப்பாணத்து அக்கா. முப்பது வருஷமாக அங்கே இருப்பவர். என் பெண்ணைப் 'பிள்ளை' என்றுதான் கூப்பிடுவார்.

"பிள்ளை, பயப்படாதேங்கோ. ஆனா எறியவும் வேண்டாம். நான் எறிஞ்சு பட்டனான்" என்று தன் கதையைச் சொன்னாராம். அவர் வீடு மாறியபோது காரின் பதிவுப் புத்தகத்தில் விலாசத்தை மாற்றவில்லை. கடிதமெல்லாம் பழைய வீட்டுக்கே போயிற்று. கோர்ட் காகிதமும் அங்கேதான் போயிற்று. பதில் சொல்ல ஆளில்லாததால் தீர்ப்பு தானாக எதிராக வந்துவிட்டது. தீர்ப்பு வந்து ஒரு மாதத்துக்குள் பணத்தைக் கட்டிவிட்டால் பதிவேட்டிலிருந்து பெயரை எடுத்துவிடுவார்கள். இல்லாவிட்டால் ஆறு வருஷம் அங்கேயே நிற்கும். அக்காவுக்கு விஷயமே தெரிந்தது ஒரு வருஷம் கழித்து, பாங்கில் கடன் மறுத்தபோதுதான். அந்தத் தீர்ப்பை ரத்து செய்யக் கேட்கலாம். ஆனால் அந்த மனுவுக்கே இப்போது 300 பவுண்டுக்கு மேல் கட்டணம்.

"இது போலீஸ் அபராதம் இல்லை" என்பதை அவர்தான் விளக்கினார். நானும் அப்புறம் விசாரித்துத் தெரிந்துகொண்டேன். போலீஸோ நகர கவுன்சிலோ போடுவது அபராதம். அதற்குத் தனிச் சட்டம், தனி வழி. தனியார் கம்பெனி அனுப்புவது, 'எங்கள் இடத்தில் போர்டில் எழுதியிருக்கிற நிபந்தனைக்கு ஒப்புக்கொண்டு நிறுத்தினாய், மீறினாய், பணம் கொடு' என்கிற பில். கவுன்சில் அனுப்புவதையும் தனியார் கம்பெனி அனுப்புவதையும் 'பி.சி.என்.' என்றே சுருக்கிச் சொல்வதால் குழப்பம். யார் அனுப்பியது என்று முதலில் பார்க்க வேண்டும்.

பில்தானே என்று அலட்சியம் செய்யவும் முடியாது. 2015 நவம்பர் 4-ஆம் தேதி அந்த நாட்டு சுப்ரீம் கோர்ட் ஒரு தீர்ப்புச் சொன்னது. செம்ஸ்போர்டு என்ற ஊரில் பாரி பீவிஸ் என்பவர் இரண்டு மணி நேர இலவச இடத்தில் 56 நிமிஷம் கூடுதலாகக் காரை நிறுத்தினார். 85 பவுண்டு கேட்டார்கள். அநியாயம் என்று கடைசிப் படி வரை போனார். தோற்றுப் போனார். போர்டில் பளிச்சென்று எழுதியிருந்தால், இடம் எல்லாருக்கும் கிடைக்க வேண்டும் என்ற நியாயமான நோக்கம் இருந்தால், அந்தத் தொகை செல்லும் என்பது தீர்ப்பு. ஆகவே உண்மையிலேயே நேரம் தாண்டியிருந்தால், சொல்ல வேறு நியாயமும் இல்லையென்றால், 14 நாளுக்குள் குறைந்த தொகையைக் கட்டிவிட்டு நிம்மதியாகத் தூங்குவதுதான் புத்திசாலித்தனம்.

நம் கதைக்கு வருகிறேன். கோர்ட் காகிதத்தில் தேதி இருக்கிறது. அந்தத் தேதியிலிருந்து ஐந்தாம் நாள் அது கையில் கிடைத்ததாகக் கணக்கு. அதிலிருந்து 14 நாளுக்குள் பதில் போக வேண்டும். 'கிடைத்தது, எதிர்த்து வாதாடுகிறேன்' என்று மட்டும் முதலில் தெரிவித்துவிட்டால், 14 நாள் 28 நாளாகிறது. நல்லவேளையாக எங்களுக்குப் பத்து நாள் பாக்கி இருந்தது. மாப்பிள்ளை அன்று ராத்திரியே கம்ப்யூட்டரில் பதிந்துவிட்டார்.

பிறகு சாட்சியம் தேடும் படலம். என் பெண் வீட்டையே தலைகீழாகப் புரட்டினாள். கடை பில் ஒன்று காலை 10.12, இன்னொன்று மாலை 3.41. அப்புறம் குழந்தையின் சிவப்புப் புத்தகம்! பிறந்த ஒவ்வொரு குழந்தைக்கும் அங்கே ஒரு சிவப்பு அட்டைப் புத்தகம் கொடுக்கிறார்கள். எடை, உயரம், ஊசி எல்லாம் அதில் ஏறும். அந்தத் தேதியில் ஊசி போட்டதற்கு நர்ஸின் கையெழுத்து இருந்தது. டாக்டர் வீட்டிலிருந்து 11.30-க்கு நேரம் குறித்து அனுப்பிய செய்தி போனில் இருந்தது. கார் கடையில் நின்றுகொண்டிருக்க, நாங்கள் மூன்று மைல் பறந்தா போனோம்?

எதிர்வாதத்தில் நடந்ததை நடந்தபடி எழுதினார்கள். வழக்கு, சிறு தொகை வழக்குப் பிரிவுக்குப் போனது. 2024 மே மாதத்திலிருந்து இங்கிலாந்திலும் வேல்ஸிலும் இப்படிப்பட்ட வழக்குகளில் முதலில் போனில் சமரசப் பேச்சு நடத்தியாக வேண்டும். காசு கிடையாது. மத்தியஸ்தர் இரண்டு தரப்பிடமும் தனித்தனியாகப் பேசுகிறார். "120 பவுண்டு கொடுத்தால் முடித்துக்கொள்கிறோம்" என்றது கம்பெனி. மாப்பிள்ளைக்குச் சபலம்தான். என் பெண், "நிக்காத காருக்கு எதுக்குங்க பணம்?" என்று ஒரே பிடியாக நின்றாள். ஆறு வாரம் கழித்து, விசாரணைக்கு முன்னாலேயே கம்பெனி வழக்கை வாபஸ் வாங்கிக்கொண்டதாக ஒரு காகிதம் வந்தது. ஒரு வரி வருத்தம் கூடத் தெரிவிக்கவில்லை. போகட்டும்!

ஜெயித்தோம் என்று எனக்குச் சந்தோஷப்பட முடியவில்லை. முதல் கடிதம் வந்த அன்றே கொடுத்திருந்தால், இரண்டு பில்லையும் இணைத்து ஒரு பதில் போட்டு அன்றோடு முடித்திருக்கலாம். ஐந்து மாதத் தூக்கம் மிஞ்சியிருக்கும். போனில் அழுதேவிட்டேன். "விடுங்க அத்தை, எங்க நல்லதுக்குத்தானே செஞ்சீங்க" என்றார் மாப்பிள்ளை. நல்லதுக்குத்தான். ஆனால் பிள்ளை பெற்றவளிடம் மறைக்கிற கவலை குறைந்து போவதில்லை, வட்டி போட்டு வளர்கிறது. அவளிடம் சொல்லத் தயக்கமாக இருந்தால் வீட்டில் இன்னொருவரிடம் அன்றைக்கே சொல்லிவிட வேண்டும். நான் கற்ற பாடம் இதுதான்.

பேறுகாலத்துக்கு அங்கே போகிற அம்மாக்களும், அங்கேயே குடித்தனம் செய்கிற பெண்களும் குறித்து வைத்துக்கொள்ள:

1. வந்த கடிதத்தை அன்றே பிரித்து, கவரின் மேல் வந்த தேதியை எழுதுங்கள். காமிரா வழியாக அனுப்பும் முதல் நோட்டீஸ், காரை நிறுத்திய மறுநாளிலிருந்து 14 நாளுக்குள் வந்து சேர வேண்டும். தாமதமாக வந்தால், யார் ஓட்டினார்கள் என்று தெரியாத நிலையில், காரின் பதிவுதாரரிடம் வசூலிக்க 2012-ஆம் வருஷத்துச் சட்டம் கம்பெனிக்குக் கை கொடுக்காது. இது இங்கிலாந்துக்கும் வேல்ஸுக்கும் பொருந்தும்.

2. ஆட்சேபணையைக் கம்பெனிக்கு 28 நாளுக்குள் எழுதுங்கள். கடை பில், போட்டோ எல்லாம் இணையுங்கள். கடை மேனேஜரையும் போய்ப் பாருங்கள். இடம் கடையுடையது என்றால், அவர் ஒரு வார்த்தை சொல்லி ரத்து செய்ய வைப்பது உண்டு.

3. கம்பெனி மறுத்தால் அதற்கு மேல் முறையீட்டு அமைப்பு இருக்கிறது. கம்பெனி எந்தச் சங்கத்தில் உறுப்பினரோ அதைப் பொறுத்து 'பாப்லா' அல்லது 'ஐ.ஏ.எஸ்.' (நம்ம ஊர்க் கலெக்டர் ஐ.ஏ.எஸ். இல்லை!). எது என்று மறுப்புக் கடிதத்திலேயே இருக்கும்.

4. 2024 அக்டோபரிலிருந்து இரண்டு சங்கங்களுக்கும் ஒரே நடைமுறை விதி. நேரம் முடிந்த பிறகும் கிளம்புவதற்கு 10 நிமிஷச் சலுகை உண்டு. குழந்தையை ஸீட்டில் கட்டுகிற தாய்க்கு இந்தப் பத்து நிமிஷம் பெரிய விஷயம்.

5. பணம் வசூலிக்கும் ஏஜென்ட் கடிதம் எழுதலாம், வீட்டுக்குள் நுழைய அவனுக்கு அதிகாரமில்லை. 'வழக்குப் போடப் போகிறோம்' என்ற கடிதத்துக்கு 30 நாளுக்குள் பதில் எழுதுங்கள். கோர்ட் காகிதத்தை மட்டும் ஒரு நாளும் ஒதுக்காதீர்கள்.

6. வீடு மாறினால், பாலுக்குச் சொல்வதற்கு முன் காரின் பதிவுப் புத்தகத்தில் விலாசத்தை மாற்றச் சொல்லுங்கள்.

7. கடை பில்லைக் கசக்கி எறியாதீர்கள். மூன்று மாதமாவது ஒரு டப்பாவில் போட்டு வையுங்கள். குழந்தையின் புத்தகத்தையும் பத்திரமாக வையுங்கள். அது ஊசிக்கு மட்டுமல்ல, உண்மைக்கும் சாட்சி சொல்கிறது!

இப்போது என் பெண் வீட்டு டிராயரில் பிளாஸ்டிக் பைகள் மட்டும்தான் இருக்கின்றன. கடிதங்களுக்கென்று சாப்பாட்டு மேஜை மேல் ஒரு மூங்கில் தட்டு. நான் கும்பகோணத்திலிருந்து வாங்கி அனுப்பியது. எதிர் வீட்டு அக்காவுக்கும் ஒன்று சேர்த்தே அனுப்பினேன்.

அடுத்த இதழில், பேத்திக்கு முதல் சோறு ஊட்டிய கதையோடு வருகிறேன்.