வாடகைக் கணினியும் வீட்டு நகையும்



செம்பூரிலிருந்து நம் சங்க அன்பர் ஒருவர் எழுதிய கடிதத்துக்கே இத்திங்கள் நம் பகுதி முழுவதையும் ஒதுக்குகிறோம். அவருடைய மகன் நண்பர் இருவருடன் சேர்ந்து, கோரேகாவில் ஒரு சிறிய அறையில், திரைப்படங்களுக்கு விஷுவல் எஃபெக்ட்ஸ் செய்து தரும் தொழில் தொடங்கியிருக்கிறார். பெரிய வேலை ஒன்று முதன்முறையாகக் கிட்டியுள்ளது. வெள்ளத்தில் ஒரு நகரம் மூழ்கும் காட்சி அது. நீளம் முப்பது விநாடி. தவணை பத்தே நாள். “கணினிகள் இரண்டு வாங்கத் தாயாரின் நகைகளை அடகு வைக்கலாமா என்று பையன் கேட்கிறான். கிளவுட் ரெண்டரிங் என்று வாடகைக்கு ஏதோ கிடைக்கிறதாம். அதை நம்பலாமா? நம்பலாம் எனில் எதைத் தேர்ந்தெடுப்பது?” என்று அன்பர் வினவுகிறார். இவ்வினா நம் இல்லங்கள் பலவற்றில் எழக்கூடியதே.

1957-ஆம் ஆண்டில் வெளிவந்த ‘மாயா பஜார்’ படத்தை நம்மில் மூத்தோர் மறந்திருக்கமாட்டார்கள். மார்க்கஸ் பார்ட்லி தமது காமிராவைக்கொண்டே அதில் தந்திரக் காட்சிகளைப் படைத்தார். இன்று அவ்வேலையில் பெரும்பகுதியைக் கணினி செய்கிறது. கலைஞர் உருவங்களையும் ஒளியையும் அமைத்து முடித்த பின், ஒளி எங்கே பட்டு எவ்வாறு சிதறுகிறது என்பதைக் கணக்கிட்டு ஒவ்வொரு படமாகத் தீட்டித் தருவதே ரெண்டரிங் எனப்படும்.

விநாடிக்கு 24 பிரேம் வீதம் முப்பது விநாடிக்கு 720 பிரேம். ஒரு பிரேமுக்கு ஒன்றரை மணி நேரம் பிடிக்குமானால் மொத்தம் 1,080 மணி நேரம். ஒரே கணினி இரவும் பகலும் ஓய்வின்றி ஓடினாலும் 45 நாள் ஆகும். புதிதாக இரண்டு வாங்கி மூன்றாக்கினாலும் 15 நாள் வேண்டும். தவணையோ பத்து நாள். ஆகவே நகையை அடகு வைத்தும் இந்த வேலை நேரத்துக்கு முடியாது! கடன் வாங்கப் புறப்படுமுன் போடவேண்டிய முதற் கணக்கு இதுவே.

ஒரு பிரேமைத் தீட்டுவதற்கு அடுத்த பிரேம் தேவையில்லை. எனவே அதே ஆற்றலுடைய 60 கணினிகளுக்குப் பங்கிட்டால் 18 மணி நேரத்தில் வேலை முடிந்துவிடும். வாடகை மணிக்கணக்கில் ஆனதால், ஒரு கணினி 1,080 மணி நேரம் உழைத்தாலும் அறுபது கணினிகள் 18 மணி நேரம் உழைத்தாலும் கூலி ஒன்றே. மகளின் கல்யாணத்துக்காக அண்டாவும் தவலையும் விலைக்கு வாங்குவார் உண்டோ? பாத்திரக் கடையில் வாடகைக்கு எடுத்துத் திருப்பித் தருகிறோம் அன்றோ? அத்தகையதே இதுவும்.

ஒரு பேச்சுக்கு மணிக்கு 60 ரூபாய் வாடகை எனக் கொள்வோம். 1,080 மணிக்கு 64,800 ரூபாய். இயக்குநர் திருத்தம் சொல்லாமல் இரார். அதற்குப் பாதித் தொகை சேர்த்தால் 97,200 ரூபாய். மூன்று லட்ச ரூபாய்க் கணினி ஒன்று, இதே கணக்கில், 5,000 மணி நேரம் உழைத்தால்தான் தன் விலையை மீட்கும். அஃதாவது இடைவிடாமல் ஏறத்தாழ ஏழு மாதம். ஆண்டு முழுதும் அவ்வளவு வேலை இருப்போர் தாராளமாக வாங்கலாம். எப்போதாவது வேலை வருவோருக்கு வாடகையே தகும்.

இச்சேவைகள் பெரும்பாலும் இரு வகை. ஜெர்மனியின் ரீபஸ்ஃபார்ம் போன்றவற்றில் காட்சிக் கோப்பை அனுப்பினால் தீட்டிய படங்கள் திரும்பி வரும். பல மென்பொருள்களின் உரிமக் கட்டணம் வாடகையிலேயே அடங்கியிருக்கும். அமேசான் போன்ற நிறுவனங்களில் கணினியையே மணிக்கணக்கில் எடுத்து நாமே இயக்கலாம். அங்கே உரிமத்தையும் நாமே கவனிக்க வேண்டும். அமேசானின் ‘ஸ்பாட்’ கணினிகள் 90 விழுக்காடு வரையிலும் மலிவாகக் கிடைப்பதுண்டு. ஆனால் இரண்டு நிமிட முன்னறிவிப்புடன் திரும்ப எடுத்துக்கொள்வார்கள். அப்போது அந்த நேரத்துப் பிரேம் மட்டுமே வீணாகும் என்பதால் ரெண்டரிங்குக்கு அது பெரிய இடரன்று.

தேர்ந்தெடுக்கையில் விலையை மட்டும் பார்த்தல் போதாது. முதலாவது, படத் தயாரிப்பாளரின் எழுத்து மூலமான அனுமதி. வெளிவராத படத்தின் காட்சியை அயலார் கணினிக்கு அனுப்ப ஒப்பந்தம் இடந்தருகிறதா? பிளெண்டர் பயில்வோருக்கு ஷீப்இட் என்னும் இலவச ஏற்பாடு உண்டு. அதில் வேலை செய்பவை தன்னார்வலர்களின் கணினிகள். பயிற்சிக்கு நன்று, இரகசியம் காக்கவேண்டிய படத்துக்கு ஆகாது.

இரண்டாவது, வெள்ளத்தின் ஓட்டத்தைக் கணிக்கும் வேலை. நீரின் முந்தைய நிலை தெரிந்தால்தான் அடுத்த நிலையைக் கணிக்க இயலும். ஆதலால் அதைப் பிரேம் பிரேமாகப் பலருக்குப் பங்கிட இயலாது. முதல் நாள்களிலேயே அதை முடித்துக் கோப்பாக்கிவிட வேண்டும். அக்கோப்பு 500 ஜிகாபைட் எனில், விநாடிக்கு 100 மெகாபிட் வேகத்தில் ஏற்றுவதற்கே பதினொரு மணி நேரத்துக்கு மேலாகும். இதைத் தவணையில் சேர்த்தே எண்ணுக.

மூன்றாவது, மென்பொருளின் பதிப்பு இங்கும் அங்கும் ஒன்றாயிருத்தல். நமக்குத் தெரிந்த இளைஞர் ஒருவர் சோதிக்காமல் முழுக் காட்சியையும் அனுப்பினார். செங்கல் சுவரின் படக்கோப்பு மட்டும் உடன் செல்லவில்லை. சுவரெல்லாம் ரோஜா நிறமாகத் திரும்பி வந்தது, கட்டணமும் கழிந்தது. குற்றம் அவருடையதே ஆகையால் எவரிடம் முறையிடுவது?

நான்காவது, மூலக் கோப்புகள் எப்போதும் நம்மிடமே இருத்தல் வேண்டும். கூகிள் 2014-இல் வாங்கிய சிங்க் என்னும் ரெண்டரிங் சேவை 2021-இல் மூடப்பட்டது. பெரியோர் கடையாயினும் ஒருநாள் சாத்தப்படலாம்.

ஆகவே செம்பூர் அன்பருக்கு நம் யோசனை இது. நகை பெட்டியிலேயே இருக்கட்டும். அனுமதி பெற்றபின், நாற்பது பிரேமுக்கு ஒன்றாக 18 பிரேம்களை மட்டும் இரண்டு சேவைகளுக்கு அனுப்பச் சொல்லுங்கள். நீர் மிகுந்து மோதும் கடினமான பிரேமும் அவற்றுள் இருக்கட்டும். மேற்சொன்ன வாடகைப்படி ஒவ்வொன்றிலும் 27 மணி நேரம், 1,620 ரூபாய். படம் பிழையின்றி வருகிறதா, உண்மைச் செலவு எவ்வளவு, இரவில் சிக்கல் எழுந்தால் பதில் சொல்ல ஆள் உண்டா என்பன யாவும் அதிலேயே விளங்கிவிடும்.

பின்னர் அச்செலவைத் தயாரிப்பாளர் தரவிருக்கும் கூலியோடு தாயார் முன்னிலையில் ஒப்பிட்டுப் பார்க்கட்டும். கூலி அதற்கும் மூவர் உழைப்புக்கும் போதாதெனில், பேசிய விலையே தவறு. அதை வாடகைக் கணினியும் திருத்தாது. வீட்டு நகையும் திருத்தாது. தயாரிப்பாளரிடம் இன்றே சென்று பேசுவதுதான் வழி. முதல் வேலையிலேயே அந்தத் துணிவு வந்துவிட்டால், தம்பி தொழிலில் நிலைத்துவிட்டார் என்றே நாம் மகிழ்வோம்.

அடுத்த திங்கள் சந்திப்போம்.