ஃபார்வர்ட் அனுப்புகிறவர்கள் கொஞ்சம் வரலாறும் படியுங்கள்



மூன்று நாளாக நம் குழுக்களில் ஒரே ஃபார்வர்ட். அமெரிக்காவின் தேசிய ரைஃபிள் சங்கம், அதாவது என்.ஆர்.ஏ., குடிமக்களின் துப்பாக்கி உரிமையைக் காக்கவே பிறந்ததாம். 150 வருடமாகக் கொள்கையில் இம்மியும் பிசகவில்லையாம். டெக்சாஸில் இருக்கும் என் மாணவர்கள் நாலைந்து பேர் அதற்குக் கைதட்டியிருக்கிறீர்கள். எதிர்க்கட்சிக்காரர்களோ, துப்பாக்கி கிளப் என்றாலே கொலைகாரக் கூட்டம் என்கிறீர்கள். இரண்டு தரப்புக்கும் சேர்த்தே எழுதுகிறேன். வரலாறு நடத்தியவன், பார்த்துக்கொண்டு சும்மா இருக்க முடியவில்லை.

அந்தச் சங்கம் பிறந்தது 1871 நவம்பரில், நியூயார்க்கில். உள்நாட்டுப் போரில் வடக்குப் படையினர் குறி பார்த்துச் சுடத் தெரியாமல் திண்டாடியதைக் கண்டு நொந்துபோன வில்லியம் சர்ச், ஜார்ஜ் விங்கேட் என்ற இரண்டு முன்னாள் படையினர் தொடங்கியது. உரிமை, அரசியல் சட்டம் என்ற பேச்சே அப்போது இல்லை. பிரிட்டனில் 1859-இல் இதே பெயரில் ஒரு சங்கம் வந்திருந்தது. அதைப் பார்த்துச் செய்தார்கள். நியூயார்க் மாநில அரசு பணம் கொடுத்தது. லாங் ஐலண்டில் ஒரு பண்ணை நிலத்தை வாங்கி, 1873-இல் கிரீட்மோர் மைதானத்தைத் திறந்தார்கள். அரசாங்கக் காசில் வளர்ந்த பிள்ளை அது. இன்று அரசாங்கம் என்றாலே பல்லைக் கடிக்கிறது, அது வேறு கதை.

1874-இல் அயர்லாந்து அணி சவால் விட்டு அங்கே வந்தது. அணிக்கு ஆறு பேர். 800, 900, 1000 கெஜம் என்று மூன்று தூரம். ஐரிஷ்காரர்களிடம் குழல் வாய் வழியாக மருந்து கெட்டிக்கும் பழைய பாணித் துப்பாக்கிகள். அமெரிக்கர்களிடம் பின்பக்கம் தோட்டா போடும் புதியவை. ஓர் ஐரிஷ் வீரர் குறியின் நட்டநடுவில் அழகாகச் சுட்டார். என்ன பயன், அது பக்கத்துக் குறிப்பலகை! பூஜ்யம். கடைசிக் குண்டு அமெரிக்கர் ஜான் போடைனுடையது. சற்றுமுன் பாட்டில் உடைந்து கையில் வெட்டு, ரத்தம் வழிய வழியச் சுட்டார். 934-க்கு 931, அமெரிக்கா வென்றது. இப்படி ஒரு பாரம்பரியத்தை வைத்துக்கொண்டு, யாராவது அந்தச் சங்கத்தின் பெருமையாக இதைச் சொல்கிறார்களா? சொல்ல மாட்டார்கள். இதில் ஓட்டு இல்லை.

இப்போது அந்த 'இம்மியும் பிசகாத' கொள்கைக்கு வருவோம். 1934-இல் இயந்திரத் துப்பாக்கிகளுக்கு எதிரான சட்டம் நாடாளுமன்றத்துக்கு வந்தபோது சாட்சி சொன்னவர் சங்கத் தலைவர் கார்ல் ஃபிரெடரிக். 1920 ஒலிம்பிக்கில் மூன்று தங்கம் வாங்கியவர். ஆளாளுக்கு ஆயுதம் தூக்கித் திரிவதில் எனக்கு நம்பிக்கை இல்லை, உரிமத்தோடுதான், கடுமையான கட்டுப்பாட்டோடுதான் இருக்க வேண்டும் என்றார். கைத்துப்பாக்கிகளை அந்தச் சட்டத்திலிருந்து நீக்க வைத்ததும் இதே சங்கம்தான், மறைக்கவில்லை. ஆனால் பேரம் பேசுவது வேறு, எந்தச் சட்டமும் கூடாது என்பது வேறு. கென்னடியைக் கொன்ற துப்பாக்கி, சங்கத்தின் சொந்தப் பத்திரிகையில் வந்த விளம்பரத்தைப் பார்த்துத் தபாலில் வாங்கியது. அதன்பின் தபால் விற்பனையைத் தடுக்கும் யோசனையை அன்றைய நிர்வாகி ஃபிராங்க்ளின் ஆர்த் ஆதரித்தார். சொந்த உறுப்பினர்களிலேயே ஒரு கூட்டம் அவரைத் துரோகி என்றது.

திருப்பம் 1977 மே மாதம், சின்சினாட்டி நகரில். தலைமையகத்தை வாஷிங்டனிலிருந்து கொலராடோ ஸ்பிரிங்ஸுக்கு மாற்றி, விளையாட்டிலும் வேட்டையிலும் கவனம் செலுத்தலாம் என்று நிர்வாகம் நினைத்திருந்தது. ஆண்டுக் கூட்டத்தில் ஆரஞ்சுத் தொப்பி போட்ட ஒரு குழு விதிப்புத்தகத்தைக் கையில் வைத்துக்கொண்டு விடிய விடிய ஓட்டெடுப்பு நடத்தி நிர்வாகத்தைக் கவிழ்த்தது. ஹார்லன் கார்ட்டர் கைக்குச் சங்கம் போனது. நீங்கள் கைதட்டும் என்.ஆர்.ஏ. அன்று இரவு பிறந்தது. 150 வருடம் அல்ல, அரை நூற்றாண்டுகூட முழுசாக ஆகவில்லை.

வளர்ந்ததே, லட்சக்கணக்கில் உறுப்பினர் சேர்ந்தார்களே என்று நம் மாப்பிள்ளை ஒருவர் கேட்கிறார். வளர்ந்தது, உண்மை. விளையாட்டு என்ன ஆனது மாப்பிள்ளை? அமெரிக்க ஒலிம்பிக் துப்பாக்கி சுடுதலை நடத்தும் பொறுப்பு 1990-களின் நடுவில் அந்தச் சங்கத்தின் கையை விட்டுப் போய், 'யுஎஸ்ஏ ஷூட்டிங்' என்ற தனி அமைப்பு வந்தது. அதன் தலைமையகம் எங்கே தெரியுமா? அதே கொலராடோ ஸ்பிரிங்ஸில்! 1991 முதல் சங்கத்தை ஆண்ட வேய்ன் லாபியர் 2024-இல் பதவி விலகினார். அடுத்த மாதமே, சங்கப் பணத்தை முறைகேடாகச் செலவழித்ததற்காகச் சுமார் 43 லட்சம் டாலரைத் திருப்பிக் கட்ட வேண்டும் என்று நியூயார்க் ஜூரி சொன்னது. அந்தக் காசு உறுப்பினர்களின் சந்தா.

எதிர்த்தரப்புக்கு ஒன்று. ஒஹாயோவில் நம் உறவுப் பெண் ஒருத்தி பள்ளி ஏர் ரைஃபிள் அணியில் சேரக் கேட்டாளாம், கூடாது என்று வீட்டில் தடுத்திருக்கிறீர்கள். பத்து மீட்டர் தூரத்தில் நடுப்புள்ளி அரை மில்லிமீட்டர். மூச்சை அடக்கி, இதயத் துடிப்புக்கு நடுவே விசையை அழுத்த வேண்டும். பெய்ஜிங்கில் அபினவ் பிந்த்ரா தங்கம் வாங்கியபோது இனிப்பு வழங்கியவர்கள்தானே நீங்கள்? சின்சினாட்டியில் அந்த ஆட்கள் செய்ததற்கு இந்தக் குழந்தை என்ன பண்ணுவாள்? கையெழுத்துப் போட்டு அனுப்புங்கள்.

மறுப்பு இருந்தால் ஆண்டும் பெயரும் போட்டுக் கீழே எழுதுங்கள். பதில் சொல்கிறேன்.