பள்ளிக்கரணைக்கு எல்லைக்கல் எங்கே?

தென்சென்னை ஏரிகளின் உபரிநீர் பள்ளிக்கரணைச் சதுப்புநிலத்தில் தேங்கி, ஒக்கியம் மடுவு வழியாகப் பக்கிங்காம் கால்வாயை அடைந்து, கோவளம் முகத்துவாரத்தில் கடலில் கலக்கிறது. அந்தச் சதுப்பில்தான் பெருங்குடிக் குப்பைமேட்டை வளர்த்தோம், சாலை போட்டோம், அடுக்ககங்கள் கட்டினோம். 2015 டிசம்பரில் வேளச்சேரி வீடுகளுக்குள் புகுந்தது, போக இடமில்லாத நீர். 2022இல் இந்தச் சதுப்புக்கு, பன்னாட்டு முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலம் என்ற ராம்சார் அங்கீகாரம் கிடைத்தது. சுமார் 1,248 ஹெக்டேர் பட்டியலில் ஏறியது. அங்கீகாரம் மட்டும் மண் லாரிகளைத் தடுத்துவிடாது. கோரை முளைத்து, நாமக்கோழி மேயும் நிலத்தை மனை போட்டு விற்பதை எப்படிப் பொறுப்பது? சர்வே எண் வாரியாக அளந்து கல் நட்டு, வரைபடத்தை மக்கள் பார்வைக்கு வைக்க வேண்டும். அதுவரை சதுப்பையும் அதன் நீர்வழிகளையும் ஒட்டி எந்தக் கட்டுமானத்துக்கும் அரசு அனுமதி தரக் கூடாது.