வாலிபர்களும் பாதிரிமார்களும்

அமெரிக்காவில் வாலிபர்கள் கிறிஸ்து மதத்தைவிட்டு நழுவுகிறார்கள் என்று பாதிரிமார்கள் பெருங்கவலை கொண்டிருக்கிறார்கள். கவலைக்குக் காரணமில்லாமலில்லை. 2023-24-ல் பியூ ஆராய்ச்சி நிலையத்தார் எடுத்த கணக்கின்படி, அங்கு மிக முதிய வயதினரில் 100-க்கு 80 பேர் தங்களைக் கிறிஸ்தவர்கள் என்று சொல்லிக்கொள்ள, 18 முதல் 24 வயதுள்ளவர்களில் 46 பேரே அப்படிச் சொல்லுகிறார்கள். 43 பேர் எந்த மதத்தையும் சேராதவர்கள்.

இதற்குப் பரிகாரமாக சர்ச்சில் வாத்தியக் கோஷ்டி வைக்கலாமா, காப்பிக் கடை வைக்கலாமா, வாலிபர்களுக்கென்று தனிப் பாதிரி நியமிக்கலாமா என்கின்ற யோசனைகள் பலமாய் நடக்கின்றன. வாலிபன் கேட்கும் கேள்விக்குப் பதிலென்ன என்கின்ற யோசனையைத்தான் அதிகமாய்க் காணோம்.

இந்த வைத்தியம் புதிதல்ல. 1844-ல் லண்டனில் ஜார்ஜ் வில்லியம்ஸ் என்கின்ற ஜவுளிக்கடைச் சிப்பந்தி, தம்மைப்போன்ற கடைப் பையன்களைச் சேர்த்து, ஜெபத்துக்கும் வேதவாசிப்புக்குமாக வாலிபர் கிறிஸ்தவ சங்கத்தை, அதாவது ஒய்.எம்.சி.ஏ.யை ஆரம்பித்தார். அக்காலத்தில் கடைச் சிப்பந்திகளுக்கு நாளொன்றுக்கு 12 மணி, 14 மணி நேரம் வேலை. பலருக்குப் படுக்கையும் கடை மாடியிலேயே. அப்படி உழைத்தவனுக்கு முதலில் வேண்டியது ஓய்வா, ஜெபமா? ஜெபம் உடனே கிடைத்தது. வாரத்தில் அரைநாள் ஓய்வு சட்டப்படி கிடைக்க 1911-ம் வருஷம் வரை காத்திருக்க வேண்டியதாயிற்று!

நிற்க, அச்சங்கத்தார் செய்த நன்மைகளை நாம் மறைக்கவில்லை. தங்க இடம் கொடுத்தார்கள். தேகப்பயிற்சிச் சாலைகள் வைத்தார்கள். 1891-ல் கூடைப்பந்தைக் கண்டுபிடித்த நெய்ஸ்மித், அவர்களுடைய பயிற்சிப் பள்ளி ஆசிரியரே. 1920-ல் சென்னையில் பக் துரை தேகப்பயிற்சிப் பள்ளியைத் தொடங்கியதும் அச்சங்கத்தின் சார்பிலேதான். (கோயில் சொத்தைக் கட்டியாளும் நமது தர்மகர்த்தாக்கள் எந்த ஊர் வாலிபனுக்காவது ஒரு பந்து வாங்கிக் கொடுத்ததுண்டா?)

ஆனால் முடிவில் நடந்ததென்ன? பந்து உலகத்தைச் சுற்றிற்று, ஜெபம் பின்தங்கிற்று. 2010-ல் அமெரிக்கச் சங்கத்தார் தங்கள் வழங்கு பெயரையே 'ஒய்' என்று குறுக்கிக்கொண்டார்கள். வாலிபரைக் குறிக்கும் எழுத்து நின்றது. கிறிஸ்தவத்தைக் குறிக்கும் எழுத்து போயிற்று.

கடவுள் அன்பே உருவானவரென்றால் பச்சைக் குழந்தைக்குப் புற்றுநோய் ஏன்? வேறு மதத்தில் பிறந்த யோக்கியன் நரகத்துக்குப் போவானேன்? சிறுவர்களைக் கெடுத்த பாதிரிகளை மேலதிகாரிகள் ஊர் ஊராய் மாற்றி மறைத்தது 2002-ல் பாஸ்டன் நகரில் அம்பலமாயிற்றே, அது எந்த வேதத்தின்படி? இவற்றுக்கு வாத்தியமும் காப்பியும் பதிலாகுமா?

வாலிபன் சிறு பிள்ளையல்ல, ஓட்டுப் போடுகிறவன். பாதிரிமார்கள் ஜெபத்தை ஆரம்பிக்காமல் அவனை எதிரே உட்காரவைத்து, அவன் சொல்வதை முழுதும் கேட்கட்டும். பதில் இல்லையானால் இல்லையென்றே சொல்லட்டும். அப்படிச் சொல்லக்கூடிய பாதிரியோடு நாமும் பேசத் தயார்.