பெர்ட் வில்லியம்ஸின் சோகத்தை விடுங்கள்

பெர்ட் வில்லியம்ஸைப் பற்றி யார் எழுத உட்கார்ந்தாலும் டபிள்யூ. சி. ஃபீல்ட்ஸ் சொன்னதில்தான் போய் நிற்கிறார்கள். தான் கண்டவர்களிலேயே அதிகம் சிரிக்க வைத்தவர் அவர்தானாம், அதிகம் சோகமானவரும் அவர்தானாம். உடனே 'சிரிப்புக்குப் பின்னால் கண்ணீர்' என்று ஒரு வரி. கட்டுரை முடிந்தது. போதும்பா!

சோகம் என்று சொல்லிவிட்டால் அது அவருடைய சுபாவம் ஆகிவிடுகிறது. ஒருவருடைய சுபாவத்துக்கு யாரைக் கேள்வி கேட்க முடியும்? இந்த மேற்கோளின் வசதியே அதுதான்.

வில்லியம்ஸ் 1874இல் பஹாமாஸில் பிறந்து அமெரிக்காவில் வளர்ந்த கறுப்பினக் கலைஞர். பாட்டு, ஆட்டம், வித்தை, நகைச்சுவை என்று துண்டு துண்டாக ஓடும் வோட்வில் மேடைதான் அவருடைய களம். வெள்ளைக்காரர்கள் எரித்த தக்கையின் கரியை முகத்தில் அப்பிக்கொண்டு கறுப்பர்களைக் கிண்டலடித்துக் காசு பார்த்த காலம் அது. வெளிர்நிறத் தோல்கொண்ட வில்லியம்ஸும் அதே கரியைப் பூசித்தான் மேடையேறினார். ஜார்ஜ் வாக்கரோடு சேர்ந்து அவர் நடித்த 'இன் டஹோமி' 1903இல் பிராட்வே ஏறியது, லண்டனில் அரண்மனை வரை போனது. 1910இல் சீக்ஃபெல்ட் ஃபாலீஸில் சேர்ந்தபோது சக நடிகர்கள் சிலர் அவரோடு நடிக்க முடியாது என்று முரண்டு பிடித்தார்கள். மேடையில் அவர் நட்சத்திரம், தங்கப்போன ஹோட்டலிலோ பின்வாசல். இதுக்குப் பேர் சோகமா? இனவெறி என்று சொல்ல ஏன் நாக்கு கூசுகிறது?

இன்னொரு கூட்டம் இருக்கிறது. கரி பூசியவரா, தள்ளுங்கள் என்கிறது. அந்தக் கரியை நியாயப்படுத்த வேண்டாம். ஆனால், தள்ளுவதற்கு முன்னால் படத்தைப் பார்க்கலாமே!

1913இல் அவரை நாயகனாக வைத்துக் கறுப்பின நடிகர்களோடு ஒரு படம் எடுத்தார்கள். அது முடிக்கப்படவே இல்லை. பயோகிராஃப் நிறுவனத்தின் நெகட்டிவ்களோடு 1939இல் நியூயார்க் நவீனக் கலை அருங்காட்சியகத்துக்குப் போன அந்தச் சுருள்கள் 2014இல்தான் பார்வைக்கு வந்தன. அதில் கரி வில்லியம்ஸின் முகத்தில் மட்டும். சுற்றி இருப்பவர்கள் சொந்த முகத்தோடு ஆடுகிறார்கள், குடைராட்டினம் சுற்றுகிறார்கள். கடைசியில் காதலி வீட்டு வாசலில் ஒரு முத்தம். அதில் கேலி ஒரு துளி இல்லை. ஒருவர் பூசிக்கொண்ட கரி மற்றவர்களுக்குக் குடையாக இருந்தது என்றுதான் நான் வாசிக்கிறேன்.

1916இல் வந்த 'எ நேச்சுரல் பார்ன் கேம்ப்ளர்' படத்தில் சிறைக்குள் தனியாக உட்கார்ந்து சீட்டாடுவார். கையில் சீட்டு இல்லை, எதிரில் ஆள் இல்லை. இல்லாத சீட்டைக் கலைத்துப் போடுகிறார், இல்லாத ஆட்களை நோட்டம் விடுகிறார், தோற்கிறார். விரலும் கண்ணும்தான் மொத்த வசனமும். மேடையில் வருடக்கணக்காகத் தீட்டிய வித்தை அது.

47 வயதில், 1922இல், இறந்துபோனார். அவருக்காக உச்சுக்கொட்டியது போதும். அந்தச் சீட்டாட்டத்தைப் பார்த்து வாய்விட்டுச் சிரியுங்கள். அவர் உழைத்தது அதற்குத்தான்.